நீலக் கிழங்கின் முதுகு

சரோஜினி நகர், புது தில்லி
9-10-1983

வைதேஹி அம்மாவுக்கு அப்பாவுவின் வணக்கம்.

எழுத்துக் கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. நான் பழகியது கோடு போட்ட நோட்டில். இந்த இன்லண்டுக் கடிதத் தாளில் கோடு இல்லை. அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு அதன்மேல் எழுதுகிறேன். வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. உங்கள் தோட்டத்து மாலி அப்பாவுதான் என் கையால் எழுதுகிறேன்!

சித்திரை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கரோல் பாகில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஒரு அச்சாபீஸ் மாடியில் அறை. ஜலஜா டீச்சர் சொல்லித் தருகிறார். நாங்கள் ஆறு பேர். எனக்கு அறுபத்து நான்கு வயது, நான்தான் மூத்தவன். பஸ் மாறிப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆனால் போகும்போதே கடைப் பலகைகளில் எங்காவது தமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன். ஒரு காபிக் கடையில் இருந்தது. படித்துவிட்டு, தேவையில்லாமல் உள்ளே போய் ஒரு காபி குடித்தேன்.

உங்கள் கடிதத்தில் 'யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்' என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்கவில்லை. நானே படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. பெங்களூர் வீட்டில் நீங்கள் குளம் வெட்டியிருப்பதும், ஐரிஸ் வைத்திருப்பதும், அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதும் படித்துச் சந்தோஷம். பதினோரு வருடம் உங்கள் தில்லி பங்களாவில் அந்தப் பூவோடு இருந்தவன் நான். கேட்டதற்குச் சொல்கிறேன்.

மஞ்சள் ஒரு ஜாதி, நீலம் ஒரு ஜாதி. இலையைப் பார்த்தால் இரண்டும் வாள் மாதிரிதான் இருக்கும். ஏமாறக் கூடாது. மஞ்சள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அதை நேராகக் குளத்துச் சேற்றில் வைக்காதீர்கள், தகரத் தொட்டியில் வைத்துத் தொட்டியை இறக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் குளத்தையே தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். பூ முடிந்ததும் காயைக் கிள்ளிவிட வேண்டும், விதை தண்ணீரில் விழக் கூடாது.

நீலம் கரையில் நிற்கும். வேர் ஈரத்தில் இருக்கலாம், கிழங்கு இருக்கக் கூடாது. எருமை குளத்தில் கிடக்கும்போது முதுகு மட்டும் வெளியே தெரியுமே, அப்படி. முதுகில் வெயில் பட வேண்டும்.

கிழங்கு என்று எழுதும்போது 'ழ' வந்தால் பேனா எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. இந்தப் பூவைப் பற்றி எழுத அந்த எழுத்தை விட்டால் வேறு வழியில்லை. ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்பாவு


பெங்களூர்
22-10-1983

அன்புள்ள அப்பாவுவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஐயாவிடம் காட்டினேன். "நம்ம அப்பாவுவா! அச்சா!" என்று இரண்டு தரம் சொன்னார். ரிடையரான பிறகு அவருக்கு டைப்ரைட்டர்தான் துணை. என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அவர்தான் டைப் அடிக்கிறார். நீ மஞ்சளைப் பற்றி எழுதியதை அப்படியே புத்தகத்தில் சேர்த்துவிட்டேன். எருமை உதாரணத்தை மட்டும் எடுத்துவிட்டேன், படிப்பவர்களுக்கு அழகாக இருக்காது.

எனக்கு இப்போது அவசரம் நீலம்தான். சென்ற வருடம் ஐயாவின் நண்பர் ஒருவர் ஸ்ரீநகரிலிருந்து இருபது கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். இங்கே மழை ஓயவில்லை. ஒவ்வொன்றாக அழுகுகிறது. எடுத்து, அன்று தில்லியில் செய்ததுபோல மொட்டை மாடியில் உலர்த்தினேன். திரும்ப வைத்தால் மறுபடியும் அழுகல்! எங்கே தவறு என்று தெரியவில்லை. ஐயா தினமும் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார். ஜல்தி பதில் எழுது. புத்தகத்துக்கும் அந்த அத்தியாயம்தான் பாக்கி.

வைதேஹி


சரோஜினி நகர்
6-11-1983

வைதேஹி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை ஒரே நாளில் படித்துவிட்டேன். டீச்சர் கைதட்டினார். வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அழுகலுக்கு மருந்து எழுதுவதற்கு முன் ஒரு சந்தோஷம் சொல்ல வேண்டும். டீச்சர் எங்களிடம், வீட்டில் தமிழில் அச்சான தாள் எது இருந்தாலும் எடுத்துப் பழகுங்கள் என்றார். என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் பத்திரிகையில் எழுதியது. எழுபத்து நான்கில் நீங்கள் தில்லியை விட்டுப் போன அன்று, சாமான் லாரி நிற்க, கத்தரித்து என் கையில் கொடுத்தீர்களே, அது. "இதுல உன் பேரு இருக்கு அப்பாவு. பத்திரமா வெச்சுக்கோ. இனிமே இதுதான் உனக்கு சர்ட்டிபிகேட்" என்றீர்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். என் மகன் மூக்கன் இங்கேயே பிறந்து இந்தியில் படித்தவன், தமிழ் பேசுவானே தவிரப் படிக்கத் தெரியாது. அவன் அம்மா முத்தம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைப்பாள். இத்தனை வருடமாக நாங்கள் யாரும் படிக்காமலேயே அது சுவரில் இருந்திருக்கிறது.

போன வாரம் ஆணியிலிருந்து இறக்கினேன். நாளைக்கு ஐந்து வரி என்று கணக்கு வைத்திருக்கிறேன். அச்சு பொடியாக இருக்கிறது. குளத்தை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா ஸ்ரீநகரிலிருந்து நீலக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது வந்துவிட்டது. என் பேர் இன்னும் வரவில்லை. 'அ' வருகிற இடத்திலெல்லாம் விரலை வைத்து நிற்கிறேன். அழகு என்று வருகிறது, அலுவலகம் என்று வருகிறது, அதிகாலை என்று வருகிறது. கடைசியில் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்லதைக் கடைசியில்தானே வைப்பார்கள்.

மருந்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், இன்லண்டில் இடம் முடிகிறது. பழகுகிறவர்களுக்குத் தபால் கார்டே போதும் என்று டீச்சர் சொல்கிறார். இனிமேல் கார்டில் எழுதட்டுமா?

அப்பாவு


பெங்களூர்
14-11-1983

அன்புள்ள அப்பாவுவுக்கு,

அந்தப் பழைய தாளை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பத்து வருடத்து அச்சு, மை போயிருக்கும். வகுப்புக்கு நல்ல எழுத்தில் இரண்டு கதைப் புத்தகம் அனுப்புகிறேன், அதில் பழகு. பத்திரிகைக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டுவார்கள். நாம் எழுதுவது ஒன்று, வருவது ஒன்று.

கார்டு வேண்டாம். ஹால் மேஜையில் வந்து விழுவதை எல்லாம் ஐயா படித்துவிடுகிறார். இன்லண்டிலேயே ஒட்டி அனுப்பு. மேலே என் பேரை மட்டும் எழுது.

நீலத்துக்கு மருந்து என்ன? இன்னும் ஒன்பதுதான் மிச்சம்.

வைதேஹி


சரோஜினி நகர்
27-11-1983

வைதேஹி அம்மாவுக்கு,

படித்து முடித்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதை இங்கே திரும்ப எழுதுகிறேன். தப்பாகப் படித்திருந்தால் திருத்துங்கள். 'எங்கள் தோட்டக்காரன் எழுத்தறிவில்லாதவன். செடியின் ஜாதி தெரியாமல், நாங்கள் ஊரில் இல்லாத சமயம் குளம் தளும்பத் தண்ணீர் விட்டு, நாற்பது கிழங்குகளையும் அழுக வைத்துவிட்டான். நான் திரும்பி வந்து மூன்றை மட்டும் எடுத்து, மாடியில் உலர்த்திக் காப்பாற்றினேன்.'

தோட்டக்காரன் என்று நான்கு இடத்தில் வருகிறது. அப்பாவு என்று ஓரிடத்திலும் இல்லை. முதலில் நான் ஒரு பக்கத்தைத் தவறவிட்டேன் என்று நினைத்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சோப்பு விளம்பரம் இருக்கிறது. அதையும் முழுவதும் படித்தேன்.

ஜனவரி மாதம், எழுபத்து மூன்று. ஐயாவுக்குப் பதவி உயர்வு வந்து நீங்கள் டீ விருந்து வைத்தீர்கள். வராந்தாவில் நின்று, "கொளம் விளிம்பு வரைக்கும் ரொம்பி நிக்கணும் அப்பாவு. வரவா முகம் அதுல தெரியணும்" என்றீர்கள்.

"நீலத்துக்கு முதுகு முங்கிருமேம்மா. குளிர்காலம். அழுகிரும்" என்றேன்.

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. கட்டையை அடி, ஜல்தி!"

சாக்குத் துணி சுற்றிய கட்டையை வடிகால் வாயில் வைத்து அடித்து அடைத்தேன். டீ நடந்தது. எல்லோர் முகமும் தண்ணீரில் தெரிந்தது. மறுநாள் உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் மெட்ராஸ் கிளம்பினீர்கள். காரில் ஏறும்போது, "வந்ததும் இன்னொரு டீ இருக்கு, தண்ணியைத் தொட்டுடாதே" என்றீர்கள். பன்னிரண்டு நாள் தொடவில்லை. அது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கட்டையைப் பிடுங்கியிருக்க வேண்டும். தினமும் குளத்தருகே போய் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த அன்று ஐயா ஒரு இலையைப் பிடித்தார், கையோடு வந்துவிட்டது. நாற்றம். அவர் கொண்டுவந்த கிழங்கு. "யாரு இவ்வளவு தண்ணி விட்டது?" என்று கத்தினார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் குளத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் சமையலறை வாசலில் வந்து, "இப்போ ஒண்ணும் சொல்லிடாதே அப்பாவு. கோபமா இருக்கார். சமயம் பாத்து நானே சொல்லிடறேன்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைத் தாளைக் கொடுத்தபோது, சமயம் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது, அதையே அச்சில் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை நான்கு நாளாக எழுதுகிறேன்.

உங்கள் மிச்சக் கிழங்கு என்ன பாவம் செய்தது? அதற்கு மருந்து சொல்கிறேன். உலர்த்தினால் மட்டும் போதாது. தோண்டி எடுத்துக் கழுவி, கத்தியால் வெட்ட வேண்டும். பழுப்பு போய், உள்ளே பச்சை உருளைக்கிழங்கு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும். கட்டைவிரல் அளவு மிஞ்சினாலும் போதும். பழுப்பு ஒரு புள்ளி இருந்தாலும் அது திரும்ப முழுவதையும் தின்னும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்குங்கள். வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலை அழுத்திப் பூசி, நிழலில் பத்து நாள் வையுங்கள். இலையைப் பாதியாக விசிறி மாதிரி வெட்டிவிடுங்கள். மண்ணை மேடாகக் கூட்டி அதன்மேல் உட்கார வையுங்கள்.

இந்த வெட்டு உங்களுக்குத் தெரியவில்லை. அன்று மொட்டை மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அப்பாவு


பெங்களூர்
8-12-1983

அன்புள்ள அப்பாவுவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். ஏழு கிழங்கு பிழைத்துவிடும் போலிருக்கிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மற்றதற்கு என்ன பதில் எழுதுவது? மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஐயாவின் கோபம் உனக்குத் தெரியும். அன்று சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் போனால் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு ஒரு மாதம் போகட்டும் என்று. அதற்குள் அவரே எல்லோரிடமும் 'மாலி தண்ணீர் விட்டுவிட்டான்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்திரிகையில் கட்டுரை கேட்டபோது, அவர் படிப்பார் என்று தெரிந்தே அப்படி எழுதினேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தைரியம் இல்லை. கத்தரித்து உன்னிடம் கொடுத்தபோது என் மனசு ஆறுவதற்காக உன் பேர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நீ ஒருநாளும் படிக்கமாட்டாய் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார். உன் வேலை போகவில்லை. பென்ஷன் வருகிறது. பத்து வருடத்துக்கு முன் வந்த ஒரு பக்கம், அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? உனக்கு என்ன நஷ்டம் வந்தது?

புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'எங்கள் தோட்டக்காரர் அப்பாவுவின் உதவியுடன்' என்று போடுகிறேன். பெரிய எழுத்தில். தண்ணீர் விஷயத்தை மட்டும் விட்டுவிடு. பத்திரிகையில் வந்ததையே புத்தகத்திலும் சேர்த்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை ஐயா ஏற்கெனவே டைப் அடித்துவிட்டார். அதை எப்படி அவர் கையாலேயே திருத்தச் சொல்வேன்? முப்பத்தைந்து வருடக் குடித்தனம் அப்பாவு. தயவுசெய்து இன்லண்டிலேயே எழுது.

வைதேஹி


சரோஜினி நகர்
18-12-1983

வைதேஹி அம்மாவுக்கு,

ஏழு பிழைத்தது சந்தோஷம். மாசியில் மொட்டு வைக்கும். அதுவரை தண்ணீர் தெளிக்கக்கூட வேண்டாம், பனியே போதும்.

என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

நீங்கள் போன பிறகு அந்தப் பங்களாவுக்கு வந்த அதிகாரியின் மனைவி அனந்தலக்ஷ்மி அம்மாளும் தமிழ்தான். முதல் நாளே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், உங்கள் தாளை இரண்டு கையாலும் நீட்டினேன். சர்ட்டிபிகேட் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களே. நின்றபடியே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீ முன்னாடி வேலியைப் பாத்துக்கோப்பா. கொளத்துக்கு வேற ஆள் சொல்லிருக்கேன்" என்றார். என் வயதைப் பார்த்து வேலையைக் குறைக்கிறார் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன். நான் காப்பாற்றிய மூன்றிலிருந்து வந்த நீலம் அந்தக் கரையில் அறுபது நின்றது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியில் புதிதாகக் குளம் கட்டியிருந்தார்கள். மானேஜர் தமிழர் என்று கேள்விப்பட்டுத் தாளைக் கண்ணாடியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் கிளார்க்குக்கும் கேட்கும்படி மெல்ல வாசித்தார். எனக்குக் காதில் சரியாக விழவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்லதாக ஏதோ வந்திருக்கிறது என்று நானும் சிரித்தேன். அம்மா, அங்கே நின்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வேதாந்தம் ஒருவர்தான் படித்துவிட்டு, தாளை மடித்து அவரே என் சட்டைப் பையில் வைத்தார். "பத்திரமா வெச்சுக்கோங்க தாத்தா. ஆனா யார்கிட்டயும் காட்டாதீங்க. கண் பட்டுடும்" என்றார். அன்றைக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

இப்படி ஐந்து இடம். ஐந்து இடத்துக்கும் நானே கொண்டுபோனேன். வேறு யாரும் வந்து என்னைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசியில் எங்கள் சர்க்கார் இலாகாவில் என்னைச் சாலை நடுவில் மருதாணி வேலி வெட்டப் போட்டார்கள். இரண்டு பக்கமும் பஸ் போகும், புகை. ஓய்வு பெறும்வரை கத்தரிக்கோல்தான். கையில் ஒரு கிழங்கு படவில்லை.

வகுப்பில் டீச்சர் கேட்டார், "இதைப் படிக்கத்தானா கத்துக்கிட்டோம்னு இருக்கா தாத்தா?" என்று. இல்லை என்றேன். படித்ததால்தான் காட்டுவதை நிறுத்தினேன். இல்லாவிட்டால் இன்னும் ஒரு குளத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

உதவியுடன் என்று போட வேண்டாம். பெரிய எழுத்திலும் வேண்டாம், சின்ன எழுத்திலும் வேண்டாம். தண்ணீர் விட்டது உதவி இல்லை, மாடியில் பத்து நாள் உட்கார்ந்ததும் உதவி இல்லை. யார் எதைச் செய்தார்களோ அதை அவர்கள் பேரோடு எழுதுங்கள். எனக்கு அது போதும். ஐயா டைப் அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் இன்னொரு தரம் அடிப்பார். நான் இந்தக் கடிதத்தையே மூன்று தரம் எழுதியிருக்கிறேன்.

இன்லண்டில் எழுதச் சொன்னீர்கள், இதுவரை எழுதினேன். இதுதான் கடைசி இன்லண்டு. ஒட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அலைந்தது போதும். இனிமேல் கார்டுதான். யார் கையில் எடுத்தாலும் படித்துக்கொள்ளலாம்.

முதல் கார்டு ஐயா பேருக்கு வரும். அதில் கொஞ்சம்தான் இடம் இருக்கும், அதனால் ஒரு விஷயம்தான் எழுத முடியும். அந்தக் கார்டு வருவதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டால், மொட்டு வரும்போது நீலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவேன். சொல்லாவிட்டால், யார் கட்டையை அடிக்கச் சொன்னார்கள் என்று எழுதுவேன். சொல்லிவிட்டீர்களா என்று எனக்கு இரண்டு வரி போடுங்கள்.

நான் மெதுவாக எழுதுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கார்டு நிரம்ப எனக்கு ஏழு நாள் வேண்டும். பொங்கலுக்கு முன் தபாலில் போடுகிறேன்.

அப்பாவு